வீட்டிலேயே பாய்மரம் செய்வது: சவுக்கா, அலுமினியமா, உள்ளே கூடான மரமா?

அரியாங்குப்பத்தான்

வணக்கம். பிளைவுட்டும் எபாக்சியும் வைத்துக் கட்டும் சின்னப் பாய்ப்படகு ஒன்று எங்கள் கொட்டகையில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நீளம் 4.6 மீட்டர், அகலம் 1.5. இரண்டு பேர் போகலாம். 9 சதுர மீட்டரில் ஒரே பாய். மேலே பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு), கீழே ஒரு கம்பு, இரண்டும் மரத்துக்கு முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் லக் பாய். பக்கக் கயிறு எதுவும் கிடையாது. மரம் தன் காலிலேயே நிற்க வேண்டும்.

வரைபடத்தில் பாய்மரம் 4.9 மீட்டர். மேல்தட்டில் 75 மி.மீ. விட்டம், உச்சியில் 45. சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற லேசான வெளிநாட்டு மரம் என்று போட்டிருக்கிறது. மரவாடியில் அந்தப் பெயரைச் சொன்னால் ஏதோ சாப்பாட்டுப் பண்டம் கேட்டது போலப் பார்க்கிறார்கள்.

கையில் இருக்கும் வழிகள்: நேரான சவுக்குக் கம்பு, மிக மலிவு. ஜன்னல் பிரேம் செய்கிறவரிடம் கிடைக்கும் அலுமினியக் குழாய். அல்லது எட்டுச் சட்டங்களை ஒட்டி உள்ளே கூடாகச் செய்யும் முறை. நான் போகும் வழியில் தாழ்வான பாலம் ஒன்று இருப்பதால் ஒற்றை ஆளாகவே மரத்தைத் தூக்கி இறக்கிப்போட முடிய வேண்டும். எதைச் செய்யலாம்?

தொண்டிக்கரை

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சவுக்கை வாங்கி, பட்டை உரித்து, நிழலில் காயவைத்து, எண்ணெய் போட்டு நிறுத்துங்கள். எங்கள் பக்கம் வத்தை என்ற பாய்ப்படகுகளில் மூன்று மரம் நிறுத்தி ஓட்டுகிறார்கள். எந்த மரத்துக்கும் யாரும் கணக்குப் போட்டதில்லை.

எடைக்கல்

அண்ணே, கணக்குப் போடவில்லை என்றால் கணக்கு இல்லை என்று அர்த்தமில்லை. எத்தனையோ மரம் ஒடிந்த பிறகுதான் இன்ன படகுக்கு இன்ன பருமன் என்று கை பழகியிருக்கும். இந்தப் படகுக்கு அந்த அனுபவம் கிடையாது. அதனால் காகிதத்திலாவது ஒரு தடவை ஒடித்துப் பார்த்துவிடலாம்.

காற்று எவ்வளவு அடித்தாலும், படகு சாய்வதற்கு முன்பு வரை என்ன தாங்குகிறதோ, அதற்கு மேல் மரத்துக்குச் சுமை வராது. காற்று அதைத் தாண்டினால் படகு கவிழும், மரம் தப்பிக்கும். எனவே காற்றின் வேகத்தை விட்டுவிட்டு, ஆட்களின் எடையிலிருந்து ஆரம்பியுங்கள். தலா 70 கிலோவில் இரண்டு பேர் விளிம்பில், நடுக்கோட்டிலிருந்து 0.7 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 140 × 0.7 = 98 கிலோ-மீட்டர் (இது தூரம் இல்லை, எடையையும் அது தள்ளியிருக்கும் தூரத்தையும் பெருக்கிய அளவு). சுமார் 960 நியூட்டன்-மீட்டர். மேல்தட்டில் மரம் நுழையும் இடத்தில் (கழுத்து என்று வைத்துக்கொள்வோம்) அந்த மரத்தை வளைக்கப்போகும் திருப்புவிசை ஏறக்குறைய இதுதான். காலி படகின் எடையும் நிமிர்த்தக் கொஞ்சம் உதவும். அதைப் பாதுகாப்புக் கணக்கில் பார்த்துக்கொள்வோம்.

75 மி.மீ. திண்மரத்தில் இதனால் வரும் தகைவு, அதாவது மரத்தின் ஒவ்வொரு சதுர மி.மீ.யும் தாங்க வேண்டிய விசை, 23 நியூட்டன். உள்ளே 45 மி.மீ. கூடாக விட்டால் 27. முடிச்சில்லாத, காய்ந்த சிட்கா ஸ்ப்ரூஸ் 70 அளவில்தான் ஒடியும். டக்லஸ் ஃபிர் 85. அதாவது உள்ளே இருக்கும் மரத்தை எடுத்துவிட்டால் 36 சதவீத எடை போகிறது, பலம் 13 சதவீதம்தான் குறைகிறது. வேறெங்கும் இவ்வளவு நல்ல பேரம் கிடைக்காது.

இப்போது சவுக்கு. காய்ந்த பிறகும் கன மீட்டருக்கு 800 கிலோவுக்குக் குறையாது. அதே 75 மி.மீ. பருமனில் மீட்டருக்கு மூன்றரைக் கிலோ. தம்பியின் மரம் 17 கிலோவைத் தொடும். கூடான ஸ்ப்ரூஸ் என்றால் மீட்டருக்கு 1.3 கிலோதான். உச்சியில் மெலிவதால் மொத்தம் 6 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

தொண்டிக்கரை

பத்துப் பன்னிரண்டு கிலோ கூடினால் என்ன, இரண்டு பேர் தூக்கினால் ஆயிற்று.

எடைக்கல்

தூக்குவது இருக்கட்டும். அந்தக் கூடுதல் எடை தண்ணீருக்கு மேலே இரண்டு மீட்டரில் உட்கார்ந்திருக்கும். படகு 30 பாகை சாயும்போது 11 கிலோ × 2.2 × 0.5 = 12 கிலோ-மீட்டர். இரண்டு பேர் விளிம்பில் குந்தித் தரும் 98-ல் எட்டில் ஒரு பங்கை மரமே தின்றுவிடுகிறது. வத்தையில் பலகையை வெளியே நீட்டி அதன் மேல் ஆளை ஏற்றுகிறீர்களே, அங்கே இந்த நஷ்டம் தெரியாது. இவருக்கு அந்தப் பலகை கிடையாது.

தொண்டிக்கரை

சரி, அது நியாயம்தான். போட்டியில் அந்தப் பலகையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதுதான் பாதி வெற்றி. ஆனால் பருமலுக்கு மட்டும் மூங்கிலை விடாதீர்கள் தம்பி. அதைவிட லேசாக எதுவும் கிடைக்காது. துளை போடக் கூடாது, போட்டால் நீளவாக்கில் பிளந்துகொண்டு போகும். கயிறு கட்டும் இடத்தில் கணுவுக்குப் பக்கத்தில் நூலால் நெருக்கிச் சுற்றி, அதன் மேல் பிசின் தடவிவிடுங்கள்.

மரத்தூள்

மூங்கிலுக்கு என் ஓட்டும் உண்டு, ஆனால் உளுத்துப்போகும். உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. போராக்சும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் அந்தத் தொல்லை இருக்காது. மழையும் உப்புத்தண்ணீரும் அந்த மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் மேலே வார்னிஷ் கட்டாயம்.

எட்டுச் சட்ட முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு விளிம்பில் 90 பாகையில் வி வடிவக் காடி. அடுத்த சட்டத்தின் சாதாரண விளிம்பு அந்தக் காடிக்குள் உட்காரும். எட்டும் சேர்ந்தால் எண்கோணக் குழாய் தானாக வட்டமாகச் சேர்ந்து நிற்கும், வழுக்கிக்கொண்டு ஓடாது. அளவுக்குப் பொதுவான விதி: சட்டத்தின் தடிமன் விட்டத்தில் ஐந்தில் ஒன்று, அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு. 75 மி.மீ. மரத்துக்கு 15 தடிமன், 30 அகலம். மேலே மெலிய வேண்டுமானால் காடி இல்லாத விளிம்பை மட்டும் சீவ வேண்டும். காடிப் பக்கம் கை வைத்தால் பொருத்தம் போய்விடும். உச்சியில் 45 மி.மீ. வேண்டுமென்றால் அகலம் 30-லிருந்து 18-க்கு வரும்.

நீளத்துக்கு ஒரே சட்டம் கிடைக்காது. சாய்வாகச் சீவி ஒட்டுங்கள், தடிமனைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு நீளத்துக்கு. 15 மி.மீ. சட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் சாய்வு. எட்டுச் சட்டங்களின் ஒட்டும் ஒரே உயரத்தில் வராமல் மேலும் கீழுமாகக் கலைத்துப் போடுங்கள். கழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டே வேண்டாம்.

மரம் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், ரேகையைப் பாருங்கள். ரேகை விளிம்பை விட்டு வெளியே ஓடினால் அந்த இடத்தில்தான் பிளக்கும். 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பேக்கிங் பெட்டி பைனில் முடிச்சு அதிகம், அதைத் தொட வேண்டாம். கதவு நிலைக்கு வரும் இறக்குமதி டக்லஸ் ஃபிர் பெரிய மரவாடிகளில் கிடைக்கும். கட்டையாக வாங்கி சாமில்லில் கிழித்துக்கொள்ளுங்கள். தேக்கு வேண்டாம். கனமும் அதிகம், எண்ணெய்ப் பசையால் எபாக்சியும் தகராறு செய்யும்.

ஒட்டும் நாளில் வெயில்தான் எதிரி. வெப்பநிலை 10 பாகை ஏறினால் எபாக்சி வேலைக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும். 25-ல் நாற்பது நிமிடம் என்று டப்பாவில் போட்டிருந்தால் 35-ல் இருபதுதான். விடியற்காலையில், மெதுவாக இறுகும் ஹார்டனரோடு, கலவையை ஆழமான டப்பாவில் விடாமல் அகலத் தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். டப்பாவில் விட்டால் அது தன் சூட்டிலேயே கொதித்துக் கல்லாகிவிடும். இறுக்கிப் பிடிக்க நூறு கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூபை வாங்கி நாடாவாக அறுத்துச் சுற்றினாலே போதும். பசை இல்லாமல் ஒருமுறை முழுசாகச் சேர்த்து, பக்கத்தில் நூல் கட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பசை கலக்க வேண்டும்.

வடமராட்சி

நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வீடு கட்டும் சாமான் கடையில் ஸ்ப்ரூஸ் சட்டம் குவிந்து கிடக்கிறது. நல்ல ரேகை பார்த்துப் பொறுக்கினால் பத்தில் ஒன்று தேறும். ஊரில் மரக்காலைக்குப் போனால் இந்த மரத்தைக் கண்ணால் காண இயலாது என்பது விளங்குகிறது.

மரத்தூள் அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி: ஏன் எட்டு? நாலு பலகையைப் பெட்டியாக ஒட்டினால் என்ன குறை? காடி இல்லை, விசேஷ வெட்டுக் கருவியும் தேவையில்லை. தம்பியின் பாய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு ஏறுவதில்லை, பருமலில்தான் தொங்குகிறது. அதற்கு மரம் வட்டமாக இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

பாலத்துக்கு மரத்தை இறக்குவதுதான் பிரச்சினை என்றால் மிரர் என்ற இங்கிலாந்துப் படகை ஒருக்கால் பாருங்கள். 1960-களின் ஆரம்பத்தில் வீட்டில் கட்டுவதற்கென்றே வந்தது, எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. 3.3 மீட்டர் படகு. குட்டை மரம் ஒன்று, அதன் மேல் நிமிர்ந்து ஏறும் பருமல் ஒன்று. கழற்றினால் எல்லாக் கம்பும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

தொண்டிக்கரை

உங்கள் பக்கம் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938-லேயே அமெரிக்காவின் க்ளௌசெஸ்டர் வரை போனதே. அதில் பெட்டி மரமா இருந்தது?

வடமராட்சி

பக்கக் கயிறுகள் நாலு திசையிலும் பிடித்து நிற்கிற பெரிய கப்பலின் மரத்தை இதோடு சேர்த்துக் கதைக்கக் கூடாது அண்ணை. அங்கே கயிறு வளைவைத் தாங்கும், மரத்துக்கு வருவது கீழ்நோக்கிய அமுக்கம்தான். இங்கே வளைவு முழுவதும் கழுத்தில்.

எடைக்கல்

பெட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் 65 மி.மீ. சதுரம், சுவர் 12 மி.மீ. தகைவு 25. எட்டுச் சட்ட வட்டக் குழாயில் 27 வந்தது. குறுக்குவெட்டு 2,540 சதுர மி.மீ., வட்டத்தில் 2,830. ஆக பலமும் கூட, எடையும் பத்து சதவீதம் குறைவு. மூலைகளை உருட்டினால் இந்த லாபத்தில் கொஞ்சம் போகும். அப்போதும் வட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். சுமையைத் தாங்கும் மரம் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது, அதனால்தான். எனக்கே இது எதிர்பாராத விடை.

மரத்தூள்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அரை மனசோடு. எட்டுச் சட்ட மரம் பார்க்க அழகு.

கப்பிக்கயிறு

அலுமினியத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜன்னல் கடையில் கிடைப்பது அநேகமாக 6063 ரகம். அது அச்சுத் துளை வழியே அழகாகப் பிதுக்கியெடுக்க ஏற்ற கலவை, பலத்துக்கானது இல்லை. 63.5 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர் உள்ள குழாயில் எடைக்கல் சொன்ன சுமைக்குத் தகைவு 116 வரும். 6063-டி5 சுமார் 145-ல் நிரந்தரமாக வளைந்துவிடும். இவ்வளவு குறுகிய இடைவெளியோடு கடலில் இறங்கக் கூடாது. 6061-டி6 கிடைத்தால் 240 வரை தாங்கும், அது போதும். மீட்டருக்கு 1.5 கிலோ. மர வேலை தெரியாதவர்களுக்கு இதுதான் சுலபம்.

ஆனால் வெல்டிங் வைத்துவிடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் 6061-ன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிவெட் போடுங்கள். எவர்சில்வர் திருகோ ரிவெட்டோ நேரடியாக அலுமினியத்தைத் தொட்டால் உப்புத்தண்ணீரில் அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாகக் கரையும், நடுவில் தடுப்புப் பசை அவசியம். இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கவிழ்ந்ததும் குழாயில் தண்ணீர் ஏறி, படகு தலைகீழாகத் திரும்பிவிடும்.

இன்னொன்று. மரமோ அலுமினியமோ, கரையில் நிமிர்த்தும் முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். ஈர மரமும் மின்சாரம் கடத்தும்.

அரியாங்குப்பத்தான்

எல்லோருக்கும் நன்றி. பெட்டி என்று முடிவு செய்துவிட்டேன். டக்லஸ் ஃபிர் கட்டை ஒன்று பார்த்தும் வைத்திருக்கிறேன். அந்த மரம் உண்மையிலேயே டக்லஸ் ஃபிர்தானா, நல்ல பலம் இருக்கிறதா என்று வாங்கும் முன் தெரிந்துகொள்ள வழி உண்டா? கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப மனசு வரவில்லை.

அடியில் மரம் உட்காரும் குழியை எப்படிச் செய்வது, மேலே கப்பி எப்படி வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.

எடைக்கல்

வழி உண்டு. அதே கட்டையிலிருந்து 20 × 20 மி.மீ. குச்சி ஒன்றை முடிச்சில்லாமல் சீவிக்கொள்ளுங்கள். இரண்டு செங்கல்லின் மேல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, நடுவில் ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மூட்டையைத் தாங்கி ஒடியாமல் நின்றால் தகைவு 55-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பெட்டி மரத்தில் நமக்கு வருவது 25. இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு. இரண்டு மூன்று குச்சி செய்து பார்த்தால் இன்னும் நல்லது. பாதுகாப்புக்கு மூட்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே இருக்கட்டும். சடக்கென்று குறுக்காக முறிகிற மரத்தை வாங்காதீர்கள். நீளமாகச் சிலும்பு சிலும்பாகக் கிழிந்து முறிவதுதான் நல்ல மரம்.

அடிக்குழிக்குப் போகும் முன் ஒரு எண். கழுத்துக்கும் அடிக்குழிக்கும் இடையே எவ்வளவு உயரம்?

அரியாங்குப்பத்தான்

45 சென்டிமீட்டர்.

எடைக்கல்

960-ஐ 0.45-ஆல் வகுத்தால் 2,130 நியூட்டன். மரத்தின் அடி, குழியின் பக்கச் சுவரை 215 கிலோ விசையோடு தள்ளும். கழுத்தில் வருவது இன்னும் அதிகம், 250 கிலோவுக்குப் பக்கம். மரம் ஒடியாமல் படகு கிழிவது இப்படித்தான் நடக்கும். குழியை அடித்தளத்தில் வெறும் திருகால் பிடிக்காமல், இரண்டு பக்கமும் குறுக்குச் சட்டம் வைத்து எபாக்சியில் அணைத்துக் கட்டுங்கள். கழுத்துப் பலகையின் இரண்டு முனையும் படகின் பக்கவாட்டில் ஊன்ற வேண்டும்.

கப்பிக்கயிறு

குழியின் அடியில் ஒரு தண்ணீர் வழியும் துளை விடுங்கள். மரத்தை மக்க வைப்பது தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர்தான். கழுத்தில் மரம் உரசும் இடத்தில் தோல் பட்டை சுற்றி ஆணி இல்லாமல் தைத்துவிடுங்கள், சத்தமும் வராது.

உச்சிக்குக் கப்பி ஒன்று போதும், அதையும் மரத்துக்குள் காடி வெட்டி வைக்கலாம். காடி வெட்டும் இடத்தில் உள்ளே திண்கட்டை இருக்க வேண்டும். ஏற்றுக்கயிறு 8 மி.மீ. பாலியஸ்டர், நீளாத ரகம். கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொண்டையை மரத்தில் வைக்காமல் படகில் வையுங்கள். கயிறு உச்சியிலிருந்து படகுக்கு வந்து இறுகும்போது மரத்தைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கும். கவிழ்ந்தாலும் மரம் உருவிக்கொண்டு போகாது.

லக் பாயில் எல்லோரும் கோட்டைவிடுவது கீழே இழுக்கும் கயிற்றை. மேலே ஏற்றுவது மட்டும் போதாது. அடிக்கம்பைக் கீழே இழுவிசையை நாலு மடங்காக்கும் கப்பி வைத்து நன்றாக இழுத்தால்தான் பாய் மடிப்பில்லாமல் நிற்கும், காற்றுக்கு எதிரே ஏறும். பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பிடிக்கும் தாமான் கயிற்றுக்கு யோசிப்பதைவிட இதற்கு அதிகமாக யோசியுங்கள்.

மரத்தூள்

பெட்டிக்குள் வைக்கும் திண்கட்டை மூன்று இடத்தில்: அடியிலிருந்து கழுத்துக்கு மேலே ஒரு முழம் வரை, உச்சியில், நடுவில் ஏதாவது பொருத்துவதாக இருந்தால் அங்கே. கட்டையின் முனையைச் சதுரமாக வெட்டி நிறுத்தாதீர்கள். மீன்வால் போல உள்ளே வி வெட்டி, மெலிந்து முடியட்டும். இல்லையென்றால் விறைப்பு திடீரென்று நிற்கும் அந்த இடத்தில்தான் ஒடியும்.

பெட்டியை மூடும் முன் உட்பக்கம் முழுக்க எபாக்சி பூசுங்கள். நாலையும் ஒரே நாளில் ஒட்டாதீர்கள். மூன்றை முதலில் தொட்டி போல ஒட்டி, கட்டைகளை வைத்து, இறுகியதும் பிதுங்கிய பசையைச் சீவி, மறுநாள் மூடியை ஒட்டலாம். வெளியே எபாக்சியை மட்டும் நம்ப வேண்டாம், நம் வெயிலில் சில மாதத்தில் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். மேலே வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். வார்னிஷ்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு வருடமும் தேய்த்துப் பூசத் தயாராக இருங்கள்.

தொண்டிக்கரை

வெள்ளை வேண்டாம் தம்பி, உச்சியில் ஒரு முழத்துக்காவது சிவப்பு அடியுங்கள். கவிழ்ந்து கிடந்தால் விசைப்படகுக்காரர்களுக்குக் கண்ணில் பட வேண்டும்.

அரியாங்குப்பத்தான்

சிவப்பே அடிக்கிறேன் அண்ணே. குச்சி மூன்று சீவியாயிற்று. இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தாங்கி நிற்கின்றன. மூன்றாவது ஒடிந்துவிட்டது. பார்த்தால் அதில் ரேகை குறுக்கே ஓடியிருக்கிறது. கட்டையின் ஒரு ஓரம் மட்டும் அப்படி. அந்த ஓரத்தைக் கழித்துவிட்டு மீதியில் நாலு பலகை தேறுமா என்று நாளைக்கு சாமில்லில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மரத்தூள்

தேறாவிட்டாலும் அந்த ஓரத்தை எறிந்துவிட வேண்டாம். உச்சியில் வைக்கும் கட்டைக்கு அது போதும், அங்கே வளைவு விசை அநேகமாக இல்லை.